பல்லி எச்சத்துக்கு வாரண்டி உண்டா?

“அப்போ பல்லி?” என்று கேட்டார் பாண்டியராஜன்.

போனின் மறுமுனையில், மதுரையில், கஸ்டமர் கேர் ஜஸீமா இருந்தாள்.

“பல்லிங்களா சார்?”

“ஆமாம்மா. ஸ்கோப்பை மேசையில வச்சிருக்கோம். சுவத்துல பல்லி ஓடுது. ஓடுன பல்லி எச்சம் போட்டுட்டு. கண்ணாடி கெட்டுப்போச்சு. வாரண்டி உண்டா, இல்லையா?”

“கண்டிஷன்ல பல்லி இல்லை சார்.”

“இல்லைன்னா கவர் ஆகும்னுதான அர்த்தம்?”

“மேல கேட்டுச் சொல்றேன் சார்.”

“நிதானமா கேட்டுச் சொல்லும்மா. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”

அவசரம் இல்லை என்றது சுத்தப் பொய். ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை தேர்வு. மாவட்டத் துப்பாக்கி சுடும் அணியில் ஓரிடம் காலி. அந்த இடம் பாண்டியராஜனுக்குக் கிடைப்பதும் கிடைக்காததும் இந்த ஸ்கோப்பில்தான் இருந்தது. ஸ்கோப் என்றால் துப்பாக்கியின் முதுகில் மாட்டுகிற தொலைநோக்கிக் குழல். தூரத்துக் காகிதத்தில் குத்திய புள்ளியைக் கிட்டத்தில் கொண்டுவந்து காட்டும். பாண்டியராஜனிடம் இருந்த பழைய ஸ்கோப்பில் புள்ளி கிட்டத்தில் வரும். வந்த இடத்தில் நிற்காமல் ஆடும்.

“அண்ணாச்சி, உங்க கை ஆடல, கண்ணாடி ஆடுது. நல்ல ஸ்கோப் ஒண்ணு போட்டுட்டு வாங்க. சீட்டு உங்களுக்குத்தான்” என்று கிளப் செயலாளர் சிவனாண்டி சொன்னது ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால். பனவடலிசத்திரம் போகிற வழியில், மூடிப்போன கோழிப்பண்ணைக் கொட்டகைதான் ரைஃபிள் கிளப். அன்றைக்கு அங்கிருந்து பைக்கில் திரும்பிய பாண்டியராஜனுக்கு வழியெல்லாம் பழைய ஞாபகம். பள்ளிக்கூடத்தில் கபடிக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியில் அவர் ஒருவர் மட்டும் மிஞ்சுவார். இரண்டு பக்கமும் “நீங்களே வச்சுக்கிடுங்க” என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பார்கள். அப்படிப்பட்டவருக்கு ஐம்பது வயதில், முதுகில் மாவட்டத்தின் பெயர் அடித்த சட்டை கிடைக்கப்போகிறது. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன் நின்று, முதுகைப் பார்க்க முடிகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வேறு யாராவது என்றால் மறுநாளே ஸ்கோப்பை வாங்கியிருப்பார்கள். பாண்டியராஜனால் முடியாது. அவர் சங்கரன்கோவிலில், திருவேங்கடம் சாலையில் ‘நிர்மலா ஹோம் அப்ளையன்சஸ்’ முதலாளி. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி எல்லாவற்றோடும் சேர்த்து இத்தனை வருஷமாக வாரண்டியும் விற்றவர். விற்கும்போது அது எவ்வளவு பெரிதாகத் தெரியும், பழுதாகி வரும்போது எப்படிச் சுருங்கிப்போகும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு அந்தத் தாலுகாவில் யாருக்கும் தெரியாது. “மாவுத் தண்ணி உள்ள போயிருக்கே, கவர் ஆகாது.” “கரண்டு கூடிக் குறைஞ்சா கம்பெனி என்னம்மா பண்ணும்? கவர் ஆகாது.” இதை அவர் எந்தக் கடுமையும் இல்லாமல், கூடவே வருத்தப்பட்டுக்கொண்டு சொல்லுவார்.

ஒரே ஒரு தடவைதான் தோற்றார். குருவிகுளத்து வாத்தியார் ஒருவர் மிக்ஸியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மோட்டாருக்குள் பல்லி செத்துக் கிடந்தது. “வாரண்டி அட்டையில எலி போட்டிருக்கு, கரப்பான் போட்டிருக்கு. பல்லி எங்க போட்டிருக்கு? காட்டும்” என்றார் வாத்தியார். பல்லி எங்கும் இல்லை. புது மிக்ஸி கொடுக்கவேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பாண்டியராஜனுக்கு அதுவே வேதம். கண்டிஷனில் எழுதாததெல்லாம் கவர் ஆகும்.

ஸ்கோப் வாங்க இரண்டு வழி இருந்தது. கடையநல்லூர் மைதீன் பாட்சா துபாயிலிருந்து கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். மதுரையில் விற்கிற அதே ஜெர்மன் சரக்கு. விலை நன்றாகவே குறைவு.

“வாரண்டி?” என்றார் பாண்டியராஜன்.

“நான்தான் வாரண்டி அண்ணாச்சி. எதுன்னாலும் எனக்கு ஒரு போன் போடுங்க. அடுத்த தடவை போகும்போது மாத்திக் கொண்டாந்திருதேன்.”

“நீங்க தங்கமான மனுசன் பாட்சா. ஆனா உங்ககிட்ட கண்டிஷன் இல்லையே.”

“கண்டிஷனே இல்லாம தாரேன்னுதான சொல்லுதேன்.”

“அதுதான் எனக்குப் பயமா இருக்கு” என்றார் பாண்டியராஜன். கண்டிஷன் இல்லாத வாரண்டியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. பாட்சா ஒரு டீயைக் குடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இரண்டாவது வழி மதுரைக் கம்பெனி ஷோரூம். விலை கூடுதல். ஆனால் வாழ்நாள் வாரண்டி. ஸ்டாக் இருந்தால் அங்கேயே பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கையில் கொடுத்துவிடுவார்களாம். கண்டிஷன்கள் மொத்தமே ஒரு பக்கம்தான். பாண்டியராஜன் அதைக் கம்பெனியின் இணையதளத்திலிருந்து எடுத்து, கடைப் பிரிண்டரில் அடித்து, கல்லாவுக்கு மேல் ஒட்டி மனப்பாடம் செய்தார். பிறகு போனை எடுத்தார்.

முதல் நாள் கேட்டது எளிய கேள்வி. “வாழ்நாள்னா யார் வாழ்நாளும்மா? என்னோடதா, ஸ்கோப்போடதா?”

“ஸ்கோப்போடது சார்.”

“அப்போ கெட்டுப்போனா அதோட வாழ்நாள் முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிருவீங்களோ?”

ஜஸீமா மேலே கேட்டுச் சொன்னாள். அப்படிச் சொல்லமாட்டார்களாம். அதற்குப் பிறகு பாண்டியராஜன் தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போன் போட்டார். ஒரு நாள் மழைச் சாரல். ஒரு நாள் கரிசல் புழுதி. ஒரு நாள் தேங்காய்த் தண்ணீர். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்தால், குங்குமம் வைத்தால், அதைத் துடைக்கத் தின்னர் போட்டால், ஈரம் போக ஹேர் டிரையர் காட்டினால், அரிசிப் பானைக்குள் போட்டு எடுத்தால் என்று கேள்விகள் ஒன்றிலிருந்து ஒன்று குட்டி போட்டன. ஒவ்வொன்றுக்கும் ஜஸீமா “மேல கேட்டுச் சொல்றேன்” என்றாள். மறுநாள் “கண்டிஷன்ல இல்ல சார், கவர் ஆகும்” என்றாள். அவள் குரல் மட்டும் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது.

மனைவி நிர்மலாதேவி இதையெல்லாம் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ ஒரு கேள்வி கேட்டீங்களா? கேசரியைத் தின்னுட்டு ‘சரி’ன்னு ஒரு வார்த்தை. இந்தக் குழலுக்கு ரெண்டு மாசமா கேள்வி.”

“உனக்கு அட்டை குடுத்திருந்தா கேட்டிருப்பேன்.”

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. எங்கப்பாட்ட போய்க் கேளுங்க, திருப்பி எடுத்துக்கிடுவாரான்னு.”

மாமனாரின் சர்வீஸ் எப்படி என்று பாண்டியராஜனுக்குத் தெரியும்.

சிவனாண்டி போன் போட்டார். “அண்ணாச்சி, எல்லாரும் தினம் பழகுதாங்க. உங்களைத்தான் காணோம்.”

“ஸ்கோப் வாங்கிட்டு வாரேன் வே.”

“எப்போ?”

“இன்னும் பல்லி மட்டும்தான் பாக்கி.”

பல்லிக்கும் ‘கவர் ஆகும்’ என்று பதில் வந்தது. பூஜைக்கு முந்தின வாரம் ஒரு கார் பிடித்து, துப்பாக்கியோடு மதுரைக்குப் போனார். துப்பாக்கியைக் கொண்டுபோகக் காரணம் உண்டு. கம்பெனி ஆளே மாட்டித் தரவேண்டும், நாமே மாட்டினால் வாரண்டி இல்லை. அது கண்டிஷனில் நான்காவது. ஷோரூமில் வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் ஸ்கோப்பை மாட்டினார். பழைய ஸ்கோப்பை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்கள். கடையில் பூஜை விற்பனை நேரம். கடை மெக்கானிக் மூக்காண்டி ஒருத்தர் தனியாகக் கிடந்து அல்லாடுவாரே என்று, காட்டின இடத்திலெல்லாம் பாண்டியராஜன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அட்டையைப் படிக்கவேண்டிய அவசியமே இல்லை. அவருக்குத்தான் அது தலைகீழ்ப் பாடமாயிற்றே.

அன்று சாயங்காலம் கிளப்பில் சுட்டுப் பார்த்தார். புள்ளி ஆடாமல் அசையாமல் அப்படியே நின்றது. சிவனாண்டி காகிதத்தைக் கழற்றி எடுத்துப் பார்த்துவிட்டு, “சட்டை அளவு சொல்லிட்டுப் போங்க அண்ணாச்சி” என்றார். பாண்டியராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்கோப்பை நன்றாகத் துடைத்து, துப்பாக்கியோடு உறையில் போட்டு, வீட்டு பீரோவுக்குள் பூட்டினார்.

அது அங்கேயே இருந்திருந்தால் கதை இல்லை.

ஆயுத பூஜையன்று கடையைக் கழுவிவிட்டு எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார்கள். ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், டிரில்லிங் மெஷின், கால்குலேட்டர், கல்லாப்பெட்டி, வாசலில் பைக். பொரியும் கடலையும் அவலும் தாம்பாளத்தில் இருந்தன. நிர்மலாதேவி வரிசையைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

“ஊர்ல எல்லாரும் ஸ்பேனருக்கும் தராசுக்கும் ஆயுத பூஜை பண்ணுதாங்க. நம்ம வீட்டுல நெசமாவே ஒரு ஆயுதம் இருக்கு. அதைப் பீரோவுல பூட்டி வச்சா சாமி என்ன நினைக்கும்?”

துப்பாக்கி வந்தது. வரிசையின் நடுவில், கல்லாப்பெட்டிக்கு முன்னால், இரண்டு செங்கல்லில் சாய்த்து நிறுத்தினார்கள். மூக்காண்டி சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

“மொதலாளி, இதுக்கும் வைக்கட்டா?”

வேறொரு ஸ்கோப்பாக இருந்தால், வேறொரு முதலாளியாக இருந்தால், கிண்ணத்தைத் தட்டிவிட்டிருப்பார். பாண்டியராஜன் ராஜா மாதிரிக் கையை வீசினார். “தாராளமா வையும் வே. கேட்டாச்சு. கவர் ஆகும்.”

மூக்காண்டி தாராளமாகவே வைத்தார். பைக்குக்கு ஹெட்லைட்டின் நடுவில் வைப்பது வழக்கம். அந்த வழக்கப்படி ஸ்கோப்பின் முன்கண்ணாடியில் ஒரு பொட்டு, பின்கண்ணாடியில் ஒரு பொட்டு. அதன் மேல் குங்குமம். பிறகு கற்பூரம் காட்டி, எல்லாருக்கும் நடுவில் தேங்காய் உடைத்தார்கள். தண்ணீர் எல்லாருக்கும் பங்கு போலத் துப்பாக்கிக்கும் தெறித்தது. பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்கலாம் என்பதால் ராத்திரி முழுதும் அப்படியே காய்ந்தது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் ஒரு தடவை குறிபார்க்கலாம் என்று பாண்டியராஜன் ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். உலகமே சிவப்பாக இருந்தது.

“பொட்டைத் துடைக்கலியா வே?”

“இந்தா துடைக்கேன்” என்று மூக்காண்டி வேட்டி நுனியை எடுத்தார். சந்தனம் காய்ந்து சிமெண்ட்டாகியிருந்தது. அழுத்தித் தேய்த்தார். சந்தனம் போகவில்லை. கண்ணாடியில் வட்டம் வட்டமாகக் கீறல் விழுந்தது.

“நிறுத்தும், நிறுத்தும்!”

“பதறாதீங்க. தின்னர் இருக்கு. டிவியில பெயிண்ட்டு பட்டாலே போயிரும்.”

பாண்டியராஜன் ஒரு நிமிஷம் யோசித்தார். தின்னர் கேட்டாயிற்று. “சரி, போடும்.”

தின்னரில் சந்தனம் போயிற்று, குங்குமம் போயிற்று. கண்ணாடியின் மேல் நீலமாகத் தகதகத்துக்கொண்டிருந்த பூச்சும் கூடவே போயிற்று. இப்போது தெருமுனை டீக்கடை, பக்கத்திலேயே இன்னொரு டீக்கடையோடு தெரிந்தது. அதோடு தேங்காய்த் தண்ணீரோ தின்னரோ திருகாணி வழியாக உள்ளே இறங்கி, பனி படர்ந்துகொண்டு வந்தது.

“ஈரம்தான. காயவச்சாச் சரியாயிரும்” என்று பாண்டியராஜனே ஷோகேஸிலிருந்து ஹேர் டிரையரை எடுத்தார். அதுவும் கேட்டதுதான். சூடு காட்டக் காட்ட உள்ளிருந்த ரப்பர் இளகி ஓரத்தில் எட்டிப் பார்த்தது. பனி குறையவில்லை. வெளியிலிருந்த காற்றும் தாராளமாக உள்ளே போய்வர ஆரம்பித்தது.

நிர்மலாதேவி வந்து பார்த்தாள். “செல்போன் தண்ணில விழுந்தா என்ன செய்வோம்? அரிசிலதான போடுவோம்?”

“அரிசி கேட்டாச்சு” என்றார் பாண்டியராஜன்.

துப்பாக்கியிலிருந்து கழற்றிய ஸ்கோப் ராத்திரி அரிசி மூட்டைக்குள் தூங்கியது. காலையில் எடுத்து உதறிவிட்டுப் பார்த்தார். பனி போயிருந்தது. குறிபார்க்கிற சிலுவைக் கோடு தெளிவாக இருந்தது. பாண்டியராஜன் மூச்சைப் பிடித்துக் குறிபார்த்தார். கோட்டின் இடது பக்கத்திலிருந்து ஓர் அரிசி வண்டு புறப்பட்டு, நடுப்புள்ளியில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வலது பக்கமாக நடந்துபோயிற்று.

மூக்காண்டியும் வாங்கிப் பார்த்தார். “மொதலாளி, இன்னொண்ணும் வருது.”

நிர்மலாதேவி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். “நாளைக் கழிச்சு ஞாயித்துக்கிழமைங்க. நான் எங்கூர்ல எல்லாருக்கும் சொல்லிட்டேனே!” என்றாள். இத்தனை நாள் கேலி செய்துகொண்டிருந்தவளுக்கு அந்தச் சட்டை மேல் இவ்வளவு ஆசை இருந்தது பாண்டியராஜனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“எதுக்கு அழுத?” என்றார் அவர். “இதுக்குத்தானட்டி ரெண்டு மாசம் கேட்டேன்? சந்தனம் உண்டு, குங்குமம் உண்டு, தின்னர் உண்டு, அரிசி உண்டு. வண்டு கேட்டேனா? கேட்டேன், கேட்டேன். அரிசி கேட்டதுக்கு மறுநாள் வண்டு கேட்டேன். மத்தியானத்துக்குள்ள புது ஸ்கோப்போட வாரேன். நீ சோத்தை மட்டும் வடி.”

அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்த நிம்மதி, கடனில்லாத மனுஷனுக்கு மட்டுமே வரக்கூடியது.

மதுரைக்குப் போகிற வழியில் பாண்டியராஜன் ஒரு முடிவெடுத்தார். அவர் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்லுகிற ஒரே பொய், “ஒண்ணுமே பண்ணலண்ணாச்சி, தானா நின்னுபோச்சு” என்பது. அதை அவர் சொல்லப்போவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறார். கண்டிஷனில் இல்லாத தப்புக்கு எதற்குப் பொய்?

சர்வீஸ் கவுண்ட்டரில் தாஹா என்ற நடுவயதுக்காரர் உட்கார்ந்திருந்தார். ஸ்கோப்பைத் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். உள்ளே பார்த்தார். உள்ளிருந்து ஏதோ அவரைப் பார்த்திருக்கவேண்டும், சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“என்ன சார் ஆச்சு?”

பாண்டியராஜன் சொன்னார். சந்தனத்தில் ஆரம்பித்து ஒன்றையும் விடாமல், வரிசை மாறாமல் சொன்னார். தாஹா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“என் சர்வீஸ்ல உண்மையைச் சொன்ன முதல் கஸ்டமர் நீங்கதான் சார்.”

“அப்போ புதுசு எடுங்க. ஸ்டாக் இருக்குல்லா?”

“ஸ்டாக் இருக்கு சார். ஆனா இது கவர் ஆகாது. காசு கட்டினா சர்வீஸுக்கு அனுப்பலாம். போய்ட்டு வர ரெண்டு மாசம் ஆகும்.”

பாண்டியராஜன் சிரித்தார். இந்த வசனத்தை இந்தக் குரலில், இதே வருத்தத்தோடு, எத்தனை பேரிடம் அவரே சொல்லியிருக்கிறார். “தம்பி, நானும் இந்தத் தொழில்தான். எங்கிட்டயேவா? ‘கவர் ஆகாது’ன்னு கண்டிஷன்ல எங்க போட்டிருக்கு? காட்டுங்க.”

தாஹா வாரண்டி அட்டையை எடுத்துக் காட்டினார். பாண்டியராஜனின் கையெழுத்துக்கு ஒரு விரல்கடை மேலே, சந்தனத்திலிருந்து அரிசி வண்டு வரைக்கும் அத்தனையும் வரிசையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போயிற்று, சீட்டுப் போயிற்று, சட்டை போயிற்று. பாண்டியராஜன் மேசையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். “இணையதளத்துல இதெல்லாம் இல்லையே! உலகத்துல எந்தக் கம்பெனிக்காரனாவது துப்பாக்கி அட்டையில அரிசி வண்டைப் போடுவானா? எந்தக் கிறுக்கன் வே இதை எழுதினது?”

“எழுதினது ஜெர்மன்காரங்கதான் சார், அட்டை பூஜைக்குக் கொஞ்சம் முன்னாலதான் புதுசா அடிச்சு வந்துச்சு” என்றார் தாஹா, குரலைத் தாழ்த்திக்கொண்டு. “யாரோ ஒரு சங்கரன்கோவில்காரர் ரெண்டு மாசமா தினம் போன் போட்டு ‘இது கண்டிஷன்ல இருக்கா, இது கண்டிஷன்ல இருக்கா’ன்னு ஒவ்வொண்ணா ஞாபகப்படுத்தினாராம், அவர் சொல்லச் சொல்ல அப்படியே சேர்த்துக்கிட்டாங்க!”